ஒரு சொல்லை மாற்றி எழுதிய அரிஸ்தோன்

சிறியவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். ரோமாபுரியில் இராயன் அரசாண்ட காலத்துக் கதை இது. நம் கடலுக்கு மேற்கே ஒரு கடல், அதற்கும் வடக்கே இன்னொரு கடல். அந்தக் கடலோரத்தில் கலிமோன் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருந்தது.

கலிமோனில் சாயத்தொழில்தான் பெரிய தொழில். கடல் நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் சின்னப் பையைப் பிதுக்கி, உப்புநீரில் ஊறவைத்துக் காய்ச்சினால் ஊதாச் சாயம் இறங்கும். அந்த ஊதாவை ராஜாக்கள் உடுத்தினார்கள். அதைக் காய்ச்சிய இடத்தின் நாற்றத்தையோ ஊரில் யாராலும் தாங்க முடியாது.

அப்படிப்பட்ட ஒரு சாயக் கொட்டகைக்குப் பின்னால்தான் அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் கூடுவார்கள். மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். அங்கே கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இராயனின் போர்ச்சேவகர்கள் அந்த நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

அந்தச் சபையில் அரிஸ்தோன் என்று ஒருவன் இருந்தான். சந்தை வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பது அவன் வேலை. அவன் எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அவன் குரல் எடுத்து வாசித்தால் கொட்டகையின் கடைசி மூலைவரை தெளிவாகக் கேட்கும்.

நல்லவன்தான். பொய் சொல்லமாட்டான், குடிக்கமாட்டான், இல்லாதவனுக்கு எழுதிக் கொடுத்தால் கூலி கேட்கமாட்டான். ஒரே ஒரு குறை. அவன் காதுபட வேறு ஒருவரை யாராவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அதே சபையில் மிர்த்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அடிமையாய்ப் பிறந்து, நாற்பது வயதில் விடுதலை பெற்றவள். நத்தை உடைப்பது அவள் வேலை. இரண்டு கைகளும் முழங்கைவரை ஊதா நிறம். எத்தனை தரம் தேய்த்தாலும் போகாது. எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. ஆனால் ஒரு தரம் கேட்டதை அவள் மறந்ததில்லை.

அந்தச் சபையை எவோதியன் என்ற மூப்பர் நடத்தி வந்தார். இராயனின் சிலைக்கு முன்னால், தெய்வத்துக்குப் போடுவதுபோலத் தூபம் போட அதிகாரிகள் சொன்னார்கள். மூப்பர் போடவில்லை. கல்லுடைக்கும் சுரங்கத்துக்கு அவரை அனுப்பத் தீர்ப்பாயிற்று. கைவிலங்கோடு கப்பல் ஏறும்போது, வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்து அவர் இரண்டே வார்த்தை சொன்னார்.

"நிருபம் அரிஸ்தோனிடம் இருக்கட்டும். சபை மிர்த்தாளிடம் இருக்கட்டும்."

நிருபம் என்று அவர் சொன்னது ஒரு கடிதத்தை. ஆண்டவரைக் கண்ணால் கண்டவர்களிடம் பாடம் கேட்ட ஒரு பெரியவர், அந்தச் சபைக்கென்றே எழுதி அனுப்பிய கடிதம் அது. எழுதியவர் காலமாகிவிட்டார். அந்தக் கடிதத்துக்கு வேறு படி உலகத்தில் எங்கும் கிடையாது. வாராவாரம் அதை வாசித்துத்தான் அவர்கள் ஆண்டவரை நினைத்து அப்பம் பிட்டு உண்பார்கள்.

அவ்வளவு பெரிய பொருள் தன் கைக்கு வந்ததை அரிஸ்தோன் நினைக்கவில்லை. மூப்பர் சொன்னதில் பிந்தின பாதிதான் அவன் காதில் நின்றது. சபை மிர்த்தாளிடம். எழுத்து தெரிந்த தன்னிடம் இல்லை. நத்தை நாற்றம் அடிக்கிறவளிடம். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அதையே சொல்லிக்கொண்டு நடந்தான். அதுதான் முதல் முள்.

இரண்டாவது முள் குத்த அதிக நாள் ஆகவில்லை. கோர்தான் என்று ஒரு கிழவர் இருந்தார். கப்பலில் மூட்டை சுமந்து தேய்ந்தவர். இரண்டு கால்களிலும் ஆறாத புண். சபையார் முறை வைத்துக்கொண்டு அவருக்குப் புண் கழுவிக் கஞ்சி கொடுத்து வந்தார்கள். அரிஸ்தோனின் முறை வந்தது. அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழகான ஜெபம் ஒன்றைச் சொன்னான். கிழவர் கேட்டு முடித்துவிட்டு, மிர்த்தாள் இன்றைக்கு வருவாளா என்று விசாரித்தார்.

மூன்றாவது முள் சபையின் நடுவிலேயே குத்தியது. ஒரு நாள் வாசிக்கும்போது அரிஸ்தோன் ஒரு வரியை விட்டுவிட்டான். கைகழுவும் தொட்டியருகே நின்ற மிர்த்தாள், விட்டுப்போன வரியைத் தனக்குள்ளே முணுமுணுத்தாள். நாலு பேருக்குக் கேட்டுவிட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு குழந்தை சரியாகச் சொன்னால் நாம் சிரிப்போமே, அப்படி. ஆனால் அரிஸ்தோனுக்கு அது முகத்தில் உமிழ்ந்ததுபோல் இருந்தது.

அன்றுமுதல் அவன் அவளையே கவனிக்க ஆரம்பித்தான். யார் அவளிடம் போய்ப் பேசுகிறார்கள், எத்தனை நேரம் பேசுகிறார்கள், தன்னிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பம் பிட்கும்போதும் பார்த்தான். கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் ஒரு கண் திறந்தே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் காலிஸ்தன் வந்தான்.

பெரிய பட்டணத்திலிருந்து கப்பலில் வந்தவன். வெள்ளை அங்கி, வாரிவிட்ட தாடி, தேன் தடவின பேச்சு. தானும் கிறிஸ்தவன்தான் என்றான். யாருக்கும் தெரியாத மூன்று இரகசியங்கள் தனக்குத் தெரியும் என்றான். கொட்டகை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தவன், அரிஸ்தோன் வாசிப்பதைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டான். கூட்டம் முடிந்ததும் நேரே அவனிடம் வந்தான்.

இப்படி வாசிக்கிற ஒருவரை இந்த மூலையிலா வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டான். பெரிய பட்டணத்தில் என்றால் உம்மை முதல் ஆசனத்தில் உட்காரவைத்திருப்பார்கள் என்றான். அரிஸ்தோன் அன்று இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

முதல் வாரம் காலிஸ்தன் முதல் இரகசியத்தைச் சொன்னான். அறிவுள்ளவனும் அறியாதவனும் கடவுளுக்கு முன்னால் ஒன்றல்ல. அறிந்தவர்களுக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு வேறு வழி.

இரண்டாம் வாரம் இரண்டாவதைச் சொன்னான். உடம்பு என்பது வெறும் நிழல். அறிந்தவன் அதைப் பொருட்படுத்தமாட்டான், தன்னுடையதையும் சரி, பிறருடையதையும் சரி.

மூன்றாம் வாரம் குரலைத் தாழ்த்தி மூன்றாவதைச் சொன்னான். ஆண்டவர் உண்மையில் உடம்போடு வரவே இல்லை. மனிதனைப் போலத் தோன்றினார். பசித்தது தோற்றம், அழுதது தோற்றம், சிலுவையில் தொங்கியதும் தோற்றம்தான்.

சிலருக்கு அது உயர்ந்த பேச்சாகப் பட்டது. சிலருக்குத் தப்பாகப் பட்டது. எல்லாரும் மிர்த்தாளைப் பார்த்தார்கள். அரிஸ்தோனும் பார்த்தான், அவள் திணறுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

மிர்த்தாள் எழுந்து நின்றாள்.

"எனக்கு வாதாடத் தெரியாது, ஐயா. நான் பட்டினி கிடந்தவள், சாட்டையடி பட்டவள். அடி பட்டபோது அது தோற்றமாக இல்லை. அவரும் என்னைப்போல் வலியை அறிந்தவர் என்று கேட்டுத்தான் நான் இங்கே வந்தேன். அவருக்கு வலிக்கவில்லை என்றால் நான் வந்த இடம் தப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். கோர்தானுக்குப் புண் கழுவும் நேரமாயிற்று என்று வெந்நீர்ப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அரிஸ்தோனுக்கு அவள் சொன்னது புரியாமல் இல்லை. அவள் சொல்வது சரி என்று உள்ளே ஒரு குரல் சொல்லவும் செய்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்ததாலேயே அதை அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆமென் என்றிருப்பான்.

நிருபம் எழுதியிருந்த தோல் அந்த மழைக்காலத்தில் ஈரம் பட்டு உளுத்துப்போயிற்று. அதைப் புதுத் தோலில் படியெடுத்துத் தரும்படி சபையார் அரிஸ்தோனைக் கேட்டார்கள். அவன் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது காலிஸ்தன் வந்து பக்கத்தில் அமர்ந்தான்.

நிருபத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. சபையார் எல்லாருக்கும் பிடித்த வரி.

"அவர் மனிதனாய் வந்து பாடுபட்டார்; ஆகையால் பாடுபடுகிறவனின் உடம்பைத் தொட அஞ்சாதிருங்கள்."

காலிஸ்தன் அந்த வரியில் விரல் வைத்தான். புதிதாக ஒன்றும் சேர்க்கவேண்டாம் என்றான். மனிதனாய் என்று இருப்பதை மனிதன்போல என்று எழுதினால் போதும் என்றான். எழுதிய பெரியவர் மனதில் நினைத்தது அதுதான், பாமரர்களுக்காக இறங்கி வந்து அப்படி எழுதிவிட்டார் என்றும் சொன்னான்.

அரிஸ்தோன் பேனாவைக் கீழே வைத்தான். அது பாவம் என்றான். தன் கையால் ஆகாது என்றான். இதைச் செய்யச் சொல்லாதேயும் என்று கெஞ்சவும் செய்தான். மூன்று தரம் மறுத்தான்.

காலிஸ்தன் வற்புறுத்தவில்லை. எழுந்து வாசல்வரை போய், திரும்பி நின்று, ஒன்றே ஒன்றைச் சொன்னான்.

"அப்படியே எழுதும். அடுத்த வாரம் நீர் வாசிப்பீர், அவள் முணுமுணுப்பாள், அவர்கள் சிரிப்பார்கள்."

அவன் போன பிறகு அரிஸ்தோன் பாதி எழுதிய தோலைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு பேனாவை எடுத்தான். எழுதினான். மனிதன்போல.

எழுதி முடித்ததும் பழைய தோலை அடுப்பில் போட்டான். தோல் சுருண்டு எரிந்த நாற்றம், நத்தை நாற்றத்தைவிட மோசமாக இருந்தது.

அடுத்த வாரம் சபையில் புதுச் சுருளை விரித்து வாசித்தான். அந்த இடம் வந்தது. மனிதன்போல வந்து பாடுபட்டார் என்று வாசித்துவிட்டு நிற்காமல் மேலே போனான்.

"சகோதரரே, அந்த வரியை இன்னொரு தரம் வாசியும்" என்றாள் மிர்த்தாள்.

வாசித்தான். இன்னொரு தரம் என்றாள். வாசித்தான். மூன்றாம் தரமும் கேட்டாள். மூன்றாம் தரமும் அவன் மனிதன்போல என்றே வாசித்தான். ஆனால் குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

இத்தனை வருஷமாக மனிதனாய் என்றல்லவா கேட்டோம் என்றாள் அவள். எழுதப் படிக்கத் தெரியாதவளின் காது பெரிதா, எழுதியிருக்கிற தோல் பெரிதா என்று காலிஸ்தன் கேட்டான். பழைய தோல் எங்கே என்று ஒரு உப்பு வியாபாரி கேட்டார். உளுத்து உதிர்ந்துபோயிற்று என்றான் அரிஸ்தோன். பொய் சொல்லாதவன் என்று பேர் வாங்கினவன் ஆனதால் எல்லாரும் நம்பினார்கள்.

ஐயம் எப்படிப் பரவும் தெரியுமா? அன்று மாலைக்குள் ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக்கொண்டார்கள். மனிதனாய் என்றா இருந்தது, மனிதன்போல என்றா? பத்து வருஷம் கேட்ட வரி அது. இப்போது யாருக்கும் நிச்சயம் இல்லை. மிர்த்தாள் ஒருத்திக்கு மட்டும் நிச்சயம் இருந்தது.

சபை இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் காலிஸ்தனோடு, மேட்டுத் தெருவில் காற்றோட்டமான ஒரு வீட்டுக்குப் போனார்கள். அங்கே அரிஸ்தோனுக்கு முதல் ஆசனம் கிடைத்தது. உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் அவன் மனம் கொட்டகையையே சுற்றிச் சுற்றி வந்தது. இன்றைக்கு அவளிடம் எத்தனை பேர் போயிருப்பார்கள்? முதல் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் நினைத்தான்.

அந்தக் கோடையில் தெற்கேயிருந்து வந்த ஒரு கப்பல் காய்ச்சலைக் கொண்டுவந்தது. முதலில் துறைமுகம், பிறகு சாயத்தெரு, பிறகு சந்தை. வீட்டுக்கு ஒருவர் விழுந்தார்கள். ஊரார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேட்டுத் தெருவாரும் சாத்திக்கொண்டார்கள். உடம்பு நிழல்தானே, நிழலைத் தூக்கிச் சுமப்பானேன் என்றான் காலிஸ்தன். ஆனால் தன் நிழலுக்கு மட்டும் நாட்டுப்புறத்திலிருந்து தனியாகத் தண்ணீர் வரவழைத்துக்கொண்டான்.

கொட்டகையில் மிஞ்சியிருந்த இருபது பேர் கதவைச் சாத்தவில்லை. தெரு தெருவாகப் பிரித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்கள், துடைத்துவிட்டார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். தங்கள் ஆள் என்றும் வெளி ஆள் என்றும் பார்க்கவில்லை.

கோர்தான் கிழவரின் முறைப்பட்டியலை யாரும் மாற்றியிருக்கவில்லை. அந்த வாரத்தில் மூன்று நாள் அரிஸ்தோனின் முறை. மிர்த்தாள் துறைமுகத்தில் இருந்தாள். அரிஸ்தோன் போய்க்கொண்டிருக்கிறான் என்றே நம்பியிருந்தாள். முதல் நாள் அரிஸ்தோன் நாளைக்குப் போகலாம் என்றான். இரண்டாம் நாள் வேறு யாராவது போயிருப்பார்கள் என்றான். மூன்றாம் நாள் உடம்பு நிழல் என்றான்.

நாலாம் நாள் மிர்த்தாள் போய்ப் பார்த்தாள். கிழவர் இறந்து கிடந்தார். எட்டாத தூரத்தில் காலிக் குவளை கிடந்தது. அவள் தனி ஆளாக அவரைக் குளிப்பாட்டி, தோளில் போட்டுக்கொண்டு போய்ப் புதைத்தாள். இரண்டு நாள் கழித்து அவளே காய்ச்சலில் விழுந்தாள்.

கோர்தான் காலிக் குவளையோடு செத்துக் கிடந்த செய்தியும் மிர்த்தாள் விழுந்த செய்தியும் ஒன்றாக மேட்டுத் தெருவுக்கு வந்தன. கேட்டதும் அரிஸ்தோனின் நெஞ்சில் முதலில் என்ன எழுந்தது தெரியுமா? சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் நடந்ததை மறைக்கக்கூடாது. அவள் விழுந்தாள் என்று ஒரு நிம்மதி எழுந்தது. அதற்குப் பின்னால்தான் கோர்தானின் காலிக் குவளை நினைவுக்கு வந்தது. நிம்மதியும் குவளையும் ஒன்றாக உள்ளே கிடந்து அவனைத் தின்றன.

மறுநாள் காலையில் உப்பு வியாபாரி அவன் வீட்டு வாசலுக்கு வந்தார். மிர்த்தாள் கூப்பிடுகிறாள், எழுதுகிற சாமான்களோடு வரச் சொன்னாள் என்றார்.

எதற்கு என்று கேட்டான் அரிஸ்தோன்.

"அவள் போய்விட்டால் பழைய நிருபம் அவளோடு போய்விடும். வாயால் சொல்கிறாளாம், எழுத வேண்டுமாம். எங்களில் எழுதத் தெரிந்தவர் யார்? உம்மைவிட்டால் ஆள் இல்லை."

அவன் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. அவளைப் பாயில் கிடக்கப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

முதல் நாள் அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்தான். அவள் உள்ளேயிருந்து சொன்னாள். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும், வாசித்துக் காட்டும் என்றாள். தப்பாகக் காதில் விழுந்த இடங்களைத் திருத்தினாள்.

இரண்டாம் நாள் அவள் குரல் இன்னும் தேய்ந்துபோயிருந்தது. அவன் அறையின் நடுவரை வந்து உட்கார்ந்தான். அன்றும் ஒவ்வொரு வரிக்கும், வாசித்துக் காட்டும் என்றாள். ஒரு எழுத்து பிசகாமல் நிருபம் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவன் எத்தனை வருஷம் வாசித்த நிருபம்! தனக்குப் பாதிகூட மனப்பாடம் இல்லையே என்று நினைத்தான். சாகக் கிடக்கிறவளைப் பார்த்தும் பொறாமை வந்தது. தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டான்.

மூன்றாம் நாள் அவள் உதடு அசைவது மட்டுமே தெரிந்தது. அவன் பாயோரத்தில் உட்கார்ந்து, குனிந்து, காதை அவள் வாயருகே வைக்கவேண்டியதாயிற்று.

அந்த வரி வந்தது.

"அவர் மனிதனாய் வந்து பாடுபட்டார்..." என்று சொல்லிவிட்டு மிர்த்தாள் நிறுத்தினாள். தண்ணீர் என்று சைகை காட்டினாள்.

பேனா தோலின்மேல் நின்றது. இந்த இடத்தில் போல என்று எழுதிவிட்டால் இரண்டு படிகளும் ஒன்றாகிவிடும். அவள் வாயாலேயே அவள் தோற்றாள் என்று ஆகிவிடும். பழைய தோல் சாம்பலாகிவிட்டது. அவளுக்கோ வாசிக்கத் தெரியாது. உலகம் உள்ளவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரே சொல்.

அவள் மறுபடியும் தண்ணீர் கேட்டாள். அறையில் வேறு யாரும் இல்லை. அவன் பேனாவை வைத்துவிட்டு அவள் தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினான். வாழ்க்கையில் முதல் தரம் அவளைத் தொட்டான். தலை கனத்தது. கழுத்து நெருப்பாகச் சுட்டது. குடிக்கும்போது தொண்டை வலியில் முகம் சுருங்கிற்று. அவள் கை தன்னையறியாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இதே போல் ஒரு கை நீண்டு, பிடிக்க ஆள் இல்லாமல் குவளையைத் தேடியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றிற்று. கனமும் சூடும் வலியும் அவன் கையிலேயே இருந்தன. இதை நிழல் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

அவளைப் படுக்கவைத்தான். பேனாவை எடுத்தான். மனிதனாய் என்று எழுதினான்.

வாசித்துக் காட்டும் என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கு அடுத்த வரிக்கு மறுபடியும், வாசித்துக் காட்டும் என்றாள்.

அவனால் பொறுக்க முடியவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் ஏன் கேட்கவில்லை, சகோதரி என்று கேட்டான். அவளை அவன் சகோதரி என்று கூப்பிட்டது அதுவே முதல் தரம்.

"மற்ற இடங்களில் உம்முடைய காது தவறியிருக்கலாம், அதற்காகக் கேட்டேன்" என்றாள் மிர்த்தாள். "அந்த இடத்தில் உம்முடைய காது தவறாது. அங்கே உம்மை நம்பவேண்டும், அல்லது நம்பாமல் இருக்கவேண்டும். நான் நம்பினேன்."

"அன்றைக்கு நான் செய்தது உமக்குத் தெரியுமா?"

"மூன்றாம் தரம் வாசிக்கும்போது உம்முடைய குரல் இறங்கிற்று. தெரியும்."

அவன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அவள் அவனைத் தேற்றவில்லை. அதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை. இன்னும் ஏழு வரி இருக்கிறது, எழுதும் என்றாள். எழுதினான்.

அடுத்த கூட்டத்து நாளில் அரிஸ்தோன் மேட்டுத் தெருவுக்குப் போனான். இரண்டு சுருள்களையும் கொண்டுபோனான். முதல் ஆசனத்தில் உட்காரவில்லை. எல்லாருக்கும் நடுவில் நின்றான். சாயக் கொட்டகையாரும் தாங்களாகவே அவன் பின்னால் வந்து வாசலில் நின்றார்கள்.

முதல் சுருளில் அந்த வரியை வாசித்தான். இரண்டாவது சுருளில் அதே வரியை வாசித்தான். பிறகு சொன்னான்.

"போல என்ற சொல்லை நிருபம் எழுதிய பெரியவர் எழுதவில்லை. நான் எழுதினேன். பழைய தோல் உதிரவில்லை, நான் எரித்தேன். மிர்த்தாளின்மேல் உள்ள பொறாமையினால் செய்தேன். கோர்தான் தாகத்தோடு செத்ததும் என் முறையில்தான்."

காலிஸ்தன் எழுந்தான். காய்ச்சல்காரியின் பிதற்றலை எழுதிக்கொண்டு வந்து நிற்கிறான், இவனுக்கும் காய்ச்சல் ஏறிவிட்டது என்றான். தேன் தடவின குரல் அன்று கொஞ்சம் கரகரத்தது. அரிஸ்தோன் வாதாடவில்லை. அந்தச் சொல்லை யார் சொல்லி நான் எழுதினேன் என்பதை நீர் சொல்கிறீரா, நான் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டான்.

காலிஸ்தன் அங்கியை வாரிக்கொண்டு வெளியே நடந்தான். அடுத்த கப்பலில் போய்விட்டான். அவனோடு ஐந்து பேர் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகச் சாயக் கொட்டகைக்குத் திரும்பினார்கள். யாரும் அவர்களைப் பார்த்து, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் பானை கொடுத்தார்கள். தெருவில் வேலை நிறைய இருந்தது.

மிர்த்தாள் பிழைத்துக்கொண்டாள். தலைமுடி கொட்டிப்போயிற்று, ஒரு காது மந்தமாயிற்று. பழையபடி ஒரு தரம் கேட்டு மனதில் வைக்க அவளால் முடியவில்லை.

அரிஸ்தோனை இனி வாசிக்க விடலாமா என்று சபையில் பேச்சு வந்தது. விடக்கூடாது என்றவர்களும் இருந்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. மிர்த்தாள் சொன்ன யோசனையை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர் வாசிக்கட்டும், ஆனால் நிருபம் இனி ஒருவர் கையில் மட்டும் வேண்டாம், ஒருத்தி வாயில் மட்டும் வேண்டாம். சபையில் உள்ள எல்லாரும் மனப்பாடம் செய்யட்டும். ஒருவர் தவறினால் மற்றவர்கள் திருத்தலாம்.

அப்படியே செய்தார்கள். அரிஸ்தோன் வரி வரியாக வாசிப்பான், சபை திருப்பிச் சொல்லும். நத்தை உடைக்கும்போதும் சொன்னார்கள், மூட்டை சுமக்கும்போதும் சொன்னார்கள், நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கும்போதும் சொன்னார்கள். பிறகு எத்தனையோ காலிஸ்தன்கள் எத்தனையோ கப்பல்களில் வந்தார்கள். ஒரு சொல்லைக்கூட அவர்களால் அசைக்க முடியவில்லை.

ஒரு நாள் துறைமுகக் கூலிக்காரர் ஒருவர் நிருபம் முழுவதையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தார். கொட்டகையே அவரைப் புகழ்ந்தது. அரிஸ்தோனின் நெஞ்சில் பழைய முள் மறுபடியும் குத்திற்று. அது சாகவில்லை. ஆனால் இப்போது அவனுக்கு அதன் முகம் தெரியும். எழுந்து போய் அந்தக் கூலிக்காரரின் கையைப் பிடித்து, நீர் என்னைவிட நன்றாகச் சொன்னீர் என்றான். சொல்லும்போது குரல் நடுங்கிற்று. ஆனாலும் சொல்லி முடித்தான். அன்றைக்கு எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஆகையால் கேட்டவர்களே, பொறாமைக்கு இடம் கொடுக்கிறவன் பொய்க்கும் இடம் கொடுத்துவிடுவான். கேட்ட உண்மையை உள்ளபடியே காத்து, அதைத் தன் கையால் செய்தும் காட்டுகிறவனே கடைசிவரை உண்மையுள்ளவன்.